பவுசர் ஓட்ட அனுபவம் தேவை

கனிசியஸ்: கிளச்சிலை காலை வைச்சுக்கொண்டு ஓடாதை எண்டு எத்தினை தரமடி சொல்லுறது? அது என்ன, கால் நீட்டி ஆறுற இடமே?

ஜெசிதா: நான் கிளச்சிலை காலே வைக்கேல்லை.

கனிசியஸ்: அப்ப ஏன் லொறி முனகுது?

ஜெசிதா: முனகுறது லொறி இல்லையப்பா. நீங்கள். அச்சுவேலிச் சந்தையிலை தக்காளி ஏத்தினதிலை இருந்து முனகிக்கொண்டுதான் வாறியள்.

கனிசியஸ்: முனகாமல்? குருநகரிலை "லொறி கனிசியஸ்" எண்டால் குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். அந்த மனுசனைக் கொண்டுவந்து கிளீனர் சீற்றிலை இருத்தி வைச்சிருக்கிறாய்.

ஜெசிதா: ஆர் இருத்தினது? "பிரதேச சபையிலை தண்ணிப் பவுசர் றைவர் வேலைக்கு மூண்டு மாச அனுபவம் கேட்டால் அதுக்கேன் மனுசி யோசிக்கிறாய், என்ரை லொறியிலை எடு" எண்டு நெஞ்சிலை தட்டினது ஆர்?

கனிசியஸ்: முதலாளியின்ரை லொறி.

ஜெசிதா: அண்டைக்கு "என்ரை லொறி" எண்டுதான் சொன்னியள்.

கனிசியஸ்: நெஞ்சிலை தட்டேக்கை அப்பிடித்தான் வரும். அது முதலாளிக்கும் தெரியாது, லொறிக்கும் தெரியாது. ...சரி, உந்தப் பள்ளத்தைப் பாத்து எடு.

ஜெசிதா: எந்தப் பள்ளம்?

கனிசியஸ்: உதிலை, முன்னுக்கு. கறுப்பாக் கிடக்கு.

ஜெசிதா: அது வேப்பமரத்தின்ரை நிழல்.

கனிசியஸ்: ...நிழலெண்டாலும் பாத்துத்தான் எடுக்க வேணும். அதுக்குக் கீழை பள்ளம் இருந்தால்?

ஜெசிதா: மிதிவெடி கிடந்த காணியளுக்குள்ளை லொறி ஓடினவளப்பா நான். வெடி அகற்றுற கொம்பனியிலை இருக்கேக்கை எடுத்த லைசன்ஸ், பெரிய வாகனம் ஓடுற லைசன்ஸ். எனக்கு நீங்கள் நிழலைக் காட்டிப் பயப்பிடுத்துறியள்.

கனிசியஸ்: அப்ப அந்த அனுபவத்தையே சபைக்குக் காட்டலாமே?

ஜெசிதா: அது... அது பழசாம். கடைசி ஒரு வருசத்துக்குள்ளை எடுத்த அனுபவம்தான் செல்லுமாம்.

கனிசியஸ்: அனுபவம் என்ன பாணே, வைச்சிருந்தால் பூஞ்சணம் பிடிக்க?

ஜெசிதா: சபையின்ரை சட்டம் அப்பிடி. நான் என்ன செய்ய?

கனிசியஸ்: வேறை என்னவெல்லாம் கேக்கினம்?

ஜெசிதா: ஆ... கம்ப்யூட்டர்.

கனிசியஸ்: தண்ணிப் பவுசருக்குக் கம்ப்யூட்டரோ? குழாயைத் திறக்கவோ, பூட்டவோ?

ஜெசிதா: பொது அறிவும் கேப்பினமாம். நேர்முகத்திலை.

கனிசியஸ்: ஓமோம். உலகத்திலை நீளமான ஆறு எதெண்டு தெரியாதவன் கொண்டுவாற தண்ணியைச் சனம் குடிக்குமே? நீந்தத் தெரியுமோ எண்டும் கேப்பாங்கள், பார். பவுசருக்குள்ளை விழுந்தால்...

ஜெசிதா: நக்கல் காணும்.

கனிசியஸ்: அந்தப் பவுசர் என்ன நிறமெண்டு சொன்னனி?

ஜெசிதா: நீலம். ஏன்?

கனிசியஸ்: சும்மா. உனக்கு நீலம் பொருந்தும்.

ஜெசிதா: நான் என்ன பவுசரை உடுத்திக்கொண்டே போகப்போறன்?

கனிசியஸ்: எங்கடை அக்கா அற்புதராணி அப்பிடித்தான் கேக்கிறா. "தம்பி, உன்ரை மனுசி லொறியிலை ஏறேக்கை சாறியை எங்கை செருகிறவள்" எண்டு. அவவுக்கு வேறை கவலை இல்லை.

ஜெசிதா: நீங்கள் என்ன சொன்னியள்?

கனிசியஸ்: சாறி எங்கை செருகிறவள் எண்டு தெரியாது, என்னைத்தான் கிளீனர் சீற்றிலை செருகி வைச்சிருக்கிறாள் எண்டன். ...இஞ்சை, நேர்முகத்துக்கு ஆரையும் பிடிக்க வேண்டாமோ?

ஜெசிதா: வேண்டாம்! ஒருத்தரையும் பிடிக்க வேண்டாம்.

கனிசியஸ்: பிடிக்காமல் இந்த நாட்டிலை ஆரடி வேலை எடுத்தது?

ஜெசிதா: நான் எடுப்பன். என்ரை தகுதியிலை எடுப்பன். நீங்கள் அங்கை போய் ஒருத்தரோடையும் கதைச்சுப் போடாதையுங்கோ, சொல்லிப்போட்டன். ...பிடிக்கிறதெண்ட உடனைதான் ஞாபகம் வருது. எங்கை அந்தப் பாரை?

கனிசியஸ்: எந்தப் பாரை?

ஜெசிதா: உங்கடை தம்பி சுபாஸ் கடலாலை போட்டிலை வந்த உடனை தூக்கித் தந்தானே, ஒரு முழப் பாரை மீன். நான் லொறி ஓட வெளிக்கிட்ட முதல் மாசம். நான் தேங்காய் துருவி, புளி கரைச்சு வைச்சுப்போட்டு வாசலைப் பாத்துக்கொண்டிருக்க, நீங்கள் வெறுங்கையோடை வந்தியள்.

கனிசியஸ்: பூனை தூக்கிப்போட்டுது எண்டு அண்டைக்கே சொன்னனான்.

ஜெசிதா: முழப் பாரையைத் தூக்கிற பூனையோ?

கனிசியஸ்: குருநகர்ப் பூனையடி. கடற்கரையிலை வளந்தது. அதுக்குப் பாரை என்ன, சுறாவும் ஒண்டுதான்.

ஜெசிதா: பாலம் வருது. வண்ணாத்திப் பாலம்.

கனிசியஸ்: தெரியும், தெரியும். நான் சொல்ல வெளிக்கிட்டன், நீ முந்தீற்றாய்.

ஜெசிதா: இண்டைக்கும் அந்தக் கதை இருக்கோ?

கனிசியஸ்: கதையில்லை, நடந்தது. அந்த பஸ்காரன் பாலத்துக்குள்ளை எண்பதிலை வந்தவன்.

ஜெசிதா: போன கிழமை அறுபது.

கனிசியஸ்: லைற்றும் இல்லை, ஹோனும் இல்லை. நான் எண்டபடியால் பக்கக் கண்ணாடியோடை போச்சு. வேறை ஒருத்தன் எண்டால் லொறி தண்ணிக்குள்ளை. நீயும்தானே பக்கத்திலை இருந்தனி, சொல்லு, எப்பிடி வந்தவன்?

ஜெசிதா: ...வேகமாத்தான்.

கனிசியஸ்: என்ன, நக்கல் ஒண்டையும் காணேல்லை?

ஜெசிதா: ஒண்டுமில்லை. பாலம் முடிஞ்சுது. முன் தட்டை விட்டுக் கையை எடுங்கோ.

கனிசியஸ்: தூசி துடைச்சனான்.

ஜெசிதா: ரெண்டு கையாலையுமோ?

கனிசியஸ்: நிறையத் தூசி. ...கொஞ்சம் மெதுவாப் போ, மெதுவாப் போ. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின்...

ஜெசிதா: என்னப்பா செய்யிறியள்?

கனிசியஸ்: சிலுவை போடுறன். மாதா சொரூபத்தைத் தாண்டிப் போறம். நீயும் போடு. ஓ, நீ ஸ்ரியறிங்கைப் பிடி, உனக்கும் சேத்து நானே போடுறன்.

ஜெசிதா: அது மாதா இல்லை. சாமத்திய வீட்டுப் பனர். பெரியபிள்ளையாகி, நீலச் சாறி கட்டி, கையைக் கூப்பிக்கொண்டு ஒரு பெட்டை. தலைக்குப் பின்னாலை வட்டமா லைற் அடிச்சு எடுத்திருக்கினம். கீழை தாய்மாமன்மார் வரிசையா நிக்கினம், லண்டன், பரிஸ், கனடா.

கனிசியஸ்: எனக்குத் தெரியாதே? அந்தப் பிள்ளைக்காகத்தான் மன்றாடினனான். வீடு மாதிரிப் பெரிசா அடிச்சுக் கட்டியிருக்கிறாங்கள், கண்ணூறு படும்.

ஜெசிதா: அண்டைக்குக் காந்தன் கடை சீமெந்து விளம்பரத்துக்கும் மன்றாடினியள்.

கனிசியஸ்: வீடு கட்டுறவங்களுக்காக. ...இஞ்சை, பகிடி போகட்டும். இண்டையோடை மூண்டு மாசம். முதலாளியிட்டை அனுபவக் கடிதம் கேக்கப்போறன்.

ஜெசிதா: இண்டைக்கு வேண்டாம்.

கனிசியஸ்: திங்கள் நேர்முகம் எண்டனி. வேறை எண்டைக்குக் கேக்கிறது?

ஜெசிதா: கேட்டால், லொறி ஓடினது நான் எண்டு சொல்ல வேணும். நமசிவாயம் ஐயாவுக்குத் தெரியாமல் அவரின்ரை லொறியை ஓடியிருக்கிறம். அப்ப நீ என்ன செய்தனி எண்டு உங்களைக் கேப்பார்.

கனிசியஸ்: முனகினனான் எண்டு சொல்லுறன்.

ஜெசிதா: அவர் உங்களை நிப்பாட்டிப் போட்டால்? மகள் ஷெரோன் இன்னும் கம்பஸ் படிப்பு முடிக்கேல்லை. உங்களுக்குச் சீனி வருத்தம், குளிசை வேணும். விளையாட்டே?

கனிசியஸ்: என்னை நிப்பாட்டினால் நீ பவுசர் ஓடி எனக்குச் சோறு போடன்.

ஜெசிதா: பொறுங்கோ, ரோட்டைப் பாக்கிறன்.

கனிசியஸ்: எங்கடை ஊர் றோயைப் பார். வாழ்க்கையிலை லொறியிலை ஏறாதவன். பத்து வருச அனுபவக் கடிதத்தோடை கட்டாருக்குப் போய், அங்கை இறங்கினாப் பிறகுதான் கியர் எந்தப் பக்கம் எண்டு கேட்டவன். நாங்கள் உண்மையா ஓடிப்போட்டுக் கடிதம் கேக்கப் பயந்து சாகிறம்.

ஜெசிதா: பிறகு பாப்பம். கொடிகாமம் வந்திட்டுது, சந்தைக்குப் பின் ஒழுங்கை. ஐயா காண முந்தி மாறி இருங்கோ. ...மெல்ல இறங்குங்கோ, படி உயரம். கையைத் தாங்கோ.

கனிசியஸ்: கையெல்லாம் வேண்டாம். இருபது வருசமா ஏறி இறங்கிற படி. ...ஆ! ஆரடா இதிலை கல்லைக் கொண்டுவந்து போட்டது?

ஜெசிதா: அது அங்கைதான் கிடக்கு, நெடுகிலும். ஏறுங்கோ. முதலாவது கியரிலையே போங்கோ, அவசரம் இல்லை. ...இஞ்சை பாருங்கோ, இடப்பக்கம் ஒரு ஆடு. வடிவான ஆடு.

கனிசியஸ்: இப்ப ஆட்டுக்கு என்ன?

ஜெசிதா: சும்மா சொல்லுறன். கறுப்பாடு. நடுவுக்கு வருது... நிண்டு யோசிக்குது...

கனிசியஸ்: நானும் நிண்டு யோசிக்கிறன்.

ஜெசிதா: போட்டுது. அங்கை ஒரு பெரியவர் சைக்கிளிலை வாழைக்குலை கட்டிக்கொண்டு வாறார், உங்கடை பக்கம். நல்ல கப்பல்வாழைக் குலை.

கனிசியஸ்: நீ என்ன, திருவிழாவிலை ஸ்பீக்கரிலை அறிவிக்கிறவன் மாதிரி? மூண்டு மாசமா இந்த ஒழுங்கையிலை மட்டும் உன்ரை வாய் மூடாது.

ஜெசிதா: மனுசியோடை போனால் கதை கேக்கத்தான் வேணும். ...ஆற்றையோ புது மதில், என்ரை பக்கம். வெள்ளை அடிச்சிருக்கினம். கிட்ட... கிட்ட... வடிவான மதிலப்பா!

கனிசியஸ்: சரி, சரி, உன்ரை மதிலை விட்டு விலத்திறன்.

ஜெசிதா: கடை வந்திட்டுது. நமசிவாயம் ஐயா வாசலிலை நிக்கிறார், வெள்ளைச் சாரம். பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கை காட்டுறார். இஞ்சேருங்கோ, நான் இறங்கிப் பாக்கிறன்...

கனிசியஸ்: இரு. முதலாளிக்கு முன்னாலை மானத்தை வாங்காதை.

நமசிவாயம்: வா... வா... வா... இன்னும் வா... ஹோல்டோன்! நில்லடா, ஹோல்டோன் எண்டெல்லே கத்துறன்! ஐயோ, என்ரை பிலாப்பழம்!

ஜெசிதா: நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ!

நமசிவாயம்: மூண்டு பழத்துக்கு மேலை ஏத்திப்போட்டான். இறங்கடா. பிள்ளை, நீயும் இறங்கு.

கனிசியஸ்: முதலாளி, அது... வெய்யில் கண்ணிலை அடிச்சு...

நமசிவாயம்: அரை மணித்தியாலமா மப்பு மூடியிருக்கு. எங்கையடாப்பா வெய்யில்?

கனிசியஸ்: முதலாளி, எனக்கு ஒரு கடிதம் வேணும்.

ஜெசிதா: இஞ்சேருங்கோ... இப்ப வேண்டாம்...

நமசிவாயம்: என்ன, பிலாப்பழத்துக்கு மரணச் சான்றிதழோ?

கனிசியஸ்: ஜெசிதாவுக்கு. மூண்டு மாசம் உங்கடை லொறி ஓடின அனுபவம் இவளுக்கு இருக்கெண்டு. சபையிலை பவுசர் றைவர் வேலைக்குப் போறாள்.

நமசிவாயம்: என்ரை லொறியை ஆர் ஓடினது?

கனிசியஸ்: இவள். நான் ஓடினது அந்த ஒழுங்கை மட்டும்தான்.

நமசிவாயம்: அப்ப நான் உனக்குச் சம்பளம் தாறது ஒரு ஒழுங்கைக்கு.

கனிசியஸ்: ஓம் முதலாளி. அதிலையும் இண்டைக்குப் பிலாப்பழம்.

ஜெசிதா: ஐயா, பிழை என்னிலைதான். அவரை நிப்பாட்டிப் போடாதையுங்கோ. நான்தான் வில்லங்கமா ஸ்ரியறிங்கை வாங்கினனான்...

நமசிவாயம்: பொறு பிள்ளை. எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீங்கள்? தக்காளி சொல்லிப்போட்டுது.

ஜெசிதா: தக்காளியோ?

நமசிவாயம்: முந்தி உவன் கொண்டுவாற தக்காளிப் பெட்டியைத் திறந்தால் சொதி. கரண்டியாலை அள்ளித்தான் நிறுக்க வேணும். இப்ப மூண்டு மாசமா தக்காளி தக்காளியாவே வருது. உவன் திருந்தமாட்டான், ஸ்ரியறிங்கிலைதான் ஆள் மாறிட்டுது எண்டு விளங்கீற்றுது.

கனிசியஸ்: அப்ப ஏன் முதலாளி கேக்கேல்லை?

நமசிவாயம்: கேட்டால் நீ உண்மையைச் சொல்லிப்போடுவாய். பிறகு முதலாளி எண்ட முறையிலை நான் சத்தம் போட வேணும். இவள் வீட்டிலை நிப்பாள். எனக்குத் திரும்பவும் சொதி.

கனிசியஸ்: அப்ப கடிதத்தைத் தாங்கோவன்.

நமசிவாயம்: தரமாட்டன்.

ஜெசிதா: பரவாயில்லை ஐயா, கடிதம் வேண்டாம்...

கனிசியஸ்: நீ பேசாமல் இரு. ஏன் முதலாளி தரமாட்டியள்? எழுத்திலை போடுங்கோ, இவள்தான் ஓடினவள் எண்டு!

நமசிவாயம்: போட்டுத் தந்தால் இவள் சபைக்குப் போயிடுவாள். பிறகு என்ரை லொறியை ஆர் ஓடுறது? நீயோ? உந்தப் பிலாப்பழத்தைக் கேள், சொல்லும். பிள்ளை, கேள். திங்களிலை இருந்து இந்த லொறிக்கு நீதான் றைவர். ஊரறிய, ஒளிக்காமல். வேணுமெண்டால் அதை எழுத்திலை தாறன். உன்ரை பேரிலை, உன்ரை கைக்குச் சம்பளம்.

ஜெசிதா: ஐயா... அப்ப இவர்?

நமசிவாயம்: உவனுக்கு வாய் நல்லாத்தானே வேலை செய்யுது. உன்ரை பக்கத்திலை இருந்து வந்து சந்தையிலை விலை கதைக்கட்டும். அதுக்கும் ஒரு சம்பளம் குடுப்பம். ஆனால் ஒழுங்கையிலை கூட ஸ்ரியறிங்கைத் தொடக்கூடாது. கனிசியஸ், நாளைக்கு லீவு. உன்ரை கண்ணிலை அடிக்கிற அந்த வெய்யிலை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டு.

கனிசியஸ்: ...சரி முதலாளி.

நமசிவாயம்: தேங்காயை ஏத்திக்கொண்டு திருநெல்வேலிக்கு வெளிக்கிடுங்கோ. உடைஞ்ச பழத்தையும் கொண்டு போங்கோ. மகள் தின்னட்டும்.

ஜெசிதா: வாங்கோ. ஏறுங்கோ. அந்தப் பக்கம்.

கனிசியஸ்: என்ரை சீற் எதெண்டு எனக்குத் தெரியும். ...லொறி முழுக்கப் பிலாப்பழ வாசம். நான் செய்த நல்ல காரியம் இண்டைக்கு இதொண்டுதான்.

ஜெசிதா: கவலையோ?

கனிசியஸ்: கவலை உன்ரை நேர்முகத்தைப் பற்றித்தான். திங்கள் கடிதமில்லாமல் எப்பிடிப் போறது?

ஜெசிதா: போகாமல் விடுவம். வேலைதான் இஞ்சையே கிடைச்சிட்டுதே.

கனிசியஸ்: விசரே உனக்கு? அரசாங்க வேலையடி! பென்சன் இருக்கு. யாழ்ப்பாணத்திலை பென்சனை வேண்டாமெண்ட குடும்பம் எண்டு தெரிஞ்சால் ஷெரோனுக்குக் கலியாணம் பேச ஒரு சனமும் படி ஏறாது.

ஜெசிதா: ஏறாட்டில் நான் லொறியிலை போய் ஏத்திக்கொண்டு வாறன்.

கனிசியஸ்: இல்லை, திங்கள் நானும் வாறன். சபையிலை நேரை கதைக்கிறன். "இவள் ஓடினால் தக்காளியே நசியாது, தண்ணி எப்பிடி நசியும்" எண்டு கேக்கிறன்.

ஜெசிதா: நீங்கள் வரவேண்டாம்.

கனிசியஸ்: அப்பிடியே அந்தப் பச்சைப் பவுசரையும் ஒருக்காத் தொட்டுப் பாக்கலாம்.

ஜெசிதா: பாக்கலாம், பாக்கலாம், பச்சைப் பவுசர் எங்கை ஓடிப்போகுது...

கனிசியஸ்: காலமை நீலம் எண்டனி. ...ஏன் ஓரம் கட்டுறாய்? ரயர் ஏதும்...?

ஜெசிதா: நேர்முகம் இல்லை.

கனிசியஸ்: பின்போட்டிட்டினமோ?

ஜெசிதா: நேர்முகமே இல்லையப்பா. வேலையும் இல்லை. ஒருத்தரும் விளம்பரம் போடேல்லை. மூண்டு மாச அனுபவம், கம்ப்யூட்டர், எல்லாம் நான் கட்டினது. ...அண்டைக்குப் பாலத்திலை அந்த பஸ் வேகமா வரேல்லை. லைற் போட்டு, ஹோன் அடிச்சு, ஊர்ந்துதான் வந்தது. உங்களுக்குத்தான் அது தெரியேல்லை. நான் பக்கத்திலை இருந்து பாத்தனான். "உங்களுக்குக் கண் தெரியேல்லை, இறங்குங்கோ" எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. நீங்களா இறங்க வேணுமெண்டுதான்... கோபமோ?

கனிசியஸ்: அந்தப் பாரை...

ஜெசிதா: நான் என்ன கதைக்கிறன், நீங்கள் மீனைப் பற்றி...

கனிசியஸ்: பூனை தூக்கேல்லையடி. நான்தான் சபைக்குக் கொண்டுபோனனான். "என்ரை மனுசி பவுசர் றைவர் வேலைக்குக் கேட்டிருக்கிறாள், கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ" எண்டு வாசல் காவலாளியிட்டை நீட்டினன். மீனை வாங்கி நிழலிலை வைச்சுப்போட்டு ஆறுதலாச் சொல்லுறான், "அண்ணை, எங்களிட்டைப் பவுசரே இல்லை" எண்டு. திருப்பிக் கேக்க வெக்கமாக் கிடந்தது.

ஜெசிதா: அது முதல் மாசமெல்லே! அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ? எல்லாம் தெரிஞ்சுகொண்டே ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?

கனிசியஸ்: சொன்னால், நீ லொறித் திறப்பைத் திருப்பி என்ரை கையிலை தந்திருப்பாய்.